பணத்துக்கும் தேதி உண்டு: முதலீட்டுக் கேள்வி–பதில்

2024 செப்டம்பர் 27ஆம் தேதி 85,978 என்ற உச்சத்தைத் தொட்ட, மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அதன்பின் மாதக்கணக்கில் இறங்கி, அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரி அறிவிப்பைத் தொடர்ந்து 2025 ஏப்ரல் 7ஆம் தேதி திங்கட்கிழமை வர்த்தகத்தின் நடுவே 71,425 வரை சென்று, 73,137இல் முடிந்தது. அந்த ஒரு வாரத்தில் இப்பகுதிக்கு வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட மிக அதிகம். அவற்றில் பெரும்பாலானவை கலக்கத்தில் எழுதப்பட்டவை. பலருடைய நிலைமைக்கும் பொருந்தக்கூடிய சில கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். வயது 27. 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 10,000 ரூபாயை எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முறையில், நிஃப்டி குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றிலும் சிறு நிறுவனப் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டு ஒன்றிலும் பாதிப் பாதியாகப் போட்டு வருகிறேன். இதுவரை 80,000 ரூபாய் கட்டியதில் இன்று 73,000 ரூபாய்தான் இருக்கிறது. "ஏலச்சீட்டிலாவது போட்டிருக்கலாமே" என்று அப்பா வருந்துகிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் "நீண்டகால முதலீடு, எனவே பொறுத்திருங்கள்" என்று இரண்டு வரியில் முடித்துவிடும் வழக்கமான பதிலை நான் தர விரும்பவில்லை. ஒவ்வொரு பணத்துக்கும் அது தேவைப்படும் தேதி ஒன்று இருக்கிறது. பள்ளிக் கட்டணத்துக்கான பணத்துக்கு ஜூன் மாதம், திருமணப் பணத்துக்கு முகூர்த்த நாள், ஓய்வுக்காலப் பணத்துக்கு அறுபதாம் வயது. அந்தத் தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வலிமை அந்தப் பணத்துக்கு உண்டு. முதலீட்டாளரின் மனவுறுதிக்கு அதில் இரண்டாம் இடம்தான்.

நீங்கள் மாதந்தோறும் போடும் பணம் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம் என்றால், இன்று கைப்பேசியில் தெரியும் விலையில் நீங்கள் எதையும் விற்கப்போவதில்லை, வாங்கத்தான் போகிறீர்கள். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து நெல் வாங்கி வைக்கும் குடும்பம் அறுவடைக் காலத்தில் விலை இறங்கினால் வருந்துவதில்லை. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு ஃபண்டின் யூனிட் விலை அடுத்தடுத்த ஐந்து மாதங்களில் 50, 40, 25, 40, 50 ரூபாய் என்று பாதியாகச் சரிந்து பழைய இடத்துக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் கட்டியவருக்கு முறையே 100, 125, 200, 125, 100 என்று மொத்தம் 650 யூனிட்டுகள் கிடைத்திருக்கும். 50 ரூபாய் விலையில் அவற்றின் மதிப்பு 32,500 ரூபாய். தொடங்கிய விலையைவிட ஒரு ரூபாய்கூட ஏறாமலேயே அவருக்கு 7,500 ரூபாய் லாபம். அந்த லாபம் முழுவதும் விலை 40 ஆகவும் 25 ஆகவும் இருந்த மாதங்களில், அதாவது "நிறுத்திவிடலாமா" என்று கேட்கத் தோன்றிய மாதங்களில், வாங்கிய யூனிட்டுகளிலிருந்து வந்தது. விலை திரும்பாமலே போனால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைப் பற்றிச் சென்னை வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

2008 ஜனவரி 8ஆம் தேதி 20,873இல் முடிந்த சென்செக்ஸ், 2009 மார்ச் 9ஆம் தேதி 8,160இல் முடிந்தது. நூறு ரூபாய் நாற்பது ரூபாய்க்கும் கீழே போன காலம் அது. அந்த 2008 அக்டோபரின் கடைசி வாரத்தில் என் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கை நான் விற்றேன். என் மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் அது; அவள் கல்லூரியில் சேர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன; அந்தப் பணத்துக்கு எந்த அவசரமும் இல்லை. விற்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது. திரும்பிப் போடுவதற்கோ, இன்னும் இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று ஒன்றரை ஆண்டு காத்திருந்தேன். அதற்குள் சந்தை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. அந்த இழப்பை நான் மறக்கவில்லை, உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு அது நேரக் கூடாது என்று விரும்புகிறேன்.

உங்கள் திட்டத்தில் மாற்றச் சொல்வது ஒன்று உண்டு. முதலீட்டுக்குப் புதியவரான நீங்கள் பாதிப் பணத்தை ஸ்மால்கேப் ஃபண்டில் போடுவது அதிகம். சிறு நிறுவனப் பங்குகள் ஏறும்போது வேகமாக ஏறுவது போலவே இறங்கும்போதும் ஆழமாக இறங்கும். அவற்றுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் இப்போது ஒதுக்க வேண்டாம். உங்கள் தந்தை ஏலச்சீட்டைச் சொல்வது அறியாமையால் அன்று. மாதந்தவறாமல் கட்டிய பணம் குறைந்து நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத காட்சி. ஆறு மாதச் செலவுக்கான பணம் உங்கள் வங்கிக் கணக்கில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள், அதுவரை எஸ்.ஐ.பி. தொகையைப் பாதியாக்கிக்கொள்ளலாம். அவரிடம் ஃபண்டு விலையைக் காட்டுவதைவிட அந்தக் கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் அவருக்கு நிம்மதி கிடைக்கும்.

கேள்வி: நான் கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். மாத ஓய்வூதியம் வருகிறது. கிடைத்த 20 லட்சம் ரூபாயில் 5 லட்சத்தை வங்கி வைப்பு நிதியில் வைத்துவிட்டு, தெரிந்த முகவர் ஒருவர் சொன்னபடி 15 லட்சத்தை 2024 ஆகஸ்டில் ஈக்விட்டி ஃபண்டுகளில் (பங்குகளில் முதலிடும் ஃபண்டுகளில்) போட்டேன். இப்போது அது 12.8 லட்சமாக இருக்கிறது. வரும் தை மாதம் மகளுக்குத் திருமணம். என் பங்குக்கு 8 லட்சம் ரூபாய் தேவை. "பொறுத்திருங்கள், நீண்டகாலத்தில் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் முகவர். தங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில்: ஐயா, தாங்கள் மிகத் தாமதமாகாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு விதமான பணம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. முதலில் அவற்றைப் பிரிப்போம். தை மாதத் திருமணத்துக்கு ஒன்பது மாதம்தான் இருக்கிறது. அந்த 8 லட்சத்துக்கு நீண்டகாலம் என்ற ஒன்றே கிடையாது. 2024 ஜூன் 4ஆம் தேதி, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வெளியான அன்று, 4,389 புள்ளிகள் சரிந்த சென்செக்ஸ் அதே வாரத்தின் வெள்ளிக்கிழமைக்குள் இழந்ததையெல்லாம் மீட்டுவிட்டது. 1992 ஏப்ரலில், ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிவரும் நேரத்தில், 4,467இல் இருந்த அதே சென்செக்ஸோ ஓராண்டு கழித்து அதில் பாதிக்கும் கீழே இருந்தது. வரும் ஒன்பது மாதம் இவ்விரண்டில் எதைப் போல அமையும் என்று உங்கள் முகவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகளின் திருமணத்தை அந்தத் தெரியாமையின் மேல் நிறுத்தி வைக்கக் கூடாது.

வைப்பு நிதியில் உள்ள 5 லட்சத்தை முழுவதுமாகத் திருமணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அது மார்கழிக்கு முன்பே முதிர்வடையுமா என்று வங்கியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மீதி 3 லட்சத்தை ஃபண்டுகளிலிருந்து இம்மாதமே எடுத்து, குறுகிய கால வைப்பு நிதியில் போடுங்கள். பல ஈக்விட்டி ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் பணத்தை எடுத்தால் 1 சதவிகிதம் வெளியேறும் கட்டணம் உண்டு. ஆகஸ்ட் வரை காத்திருந்தால் அது மிச்சம் என்று உங்களிடம் சொல்லப்படலாம். 3 லட்சத்துக்கு அந்தக் கட்டணம் 3,000 ரூபாய். அதை மிச்சப்படுத்துவதற்காக 3 லட்சத்தை இன்னும் நான்கு மாதம் சந்தையில் நிறுத்தி வைப்பது சரியான கணக்கு இல்லை. இந்த விற்பனையில் ஏற்படும் நட்டத்தை வருமான வரிப் படிவத்தில் உரிய காலத்துக்குள் காட்டிவிட்டால், அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் வரும் மூலதன ஆதாயத்துடன் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நட்டத்தில் எடுப்பதா என்ற வருத்தம் உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. முப்பது ஆண்டுக்கும் மேலான உழைப்பின் பலன் அது. ஆயினும் 15 லட்சம் என்பது இனி நினைவில் மட்டும் இருக்கும் எண். மண்டபத்துக்கும் சமையலுக்கும் நகைக்கடைக்கும் தையில் கொடுக்க வேண்டிய தொகை கண்ணெதிரே நிற்கும் கடமை.

எடுத்தது போக 9.8 லட்சம் இருக்கும். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் அவசர மருத்துவச் செலவுக்கென 2 லட்சத்தை அதிலிருந்து எடுத்து வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவை ஓய்வூதியம் பார்த்துக்கொள்கிறது, அகவிலைப்படியும் அதனுடன் ஏறுகிறது. ஆகவே எஞ்சிய 7.8 லட்சத்துக்குத்தான் உண்மையிலேயே எழுபது வயது வரை காத்திருக்கும் வசதி இருக்கிறது. அதற்கு மட்டும் பொறுமையைப் பரிந்துரைப்பேன். அதிலும் மனம் ஒப்பவில்லை என்றால், பாதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றிவிடலாம், 2025 ஏப்ரல் நிலவரப்படி அதற்கு 8.2 சதவிகித வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓய்வுபெற்ற ஒருவரின் பணத்தில் நான்கில் மூன்று பங்கை ஈக்விட்டியில் போடச் சொன்னவர், மகளின் திருமணம் எப்போது என்று கேட்டிருக்க வேண்டும். ஃபண்டு விநியோகஸ்தர் என்பவர் ஃபண்டு நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுபவர். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் பதிவு செய்துகொண்ட முதலீட்டு ஆலோசகர் உங்களிடமிருந்து கட்டணம் பெற்று உங்களுக்காக யோசிக்கக் கடமைப்பட்டவர். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாட்டை ஓய்வுபெறும் ஒவ்வொருவரும் பணம் கைக்கு வருவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று இப்பகுதியில் நான் மீண்டும் மீண்டும் எழுதுவது இதனால்தான்.

கேள்வி: கரூரில் சிறிய அளவில் ஜவுளித் தொழில் செய்கிறேன். 2017இல் ஒரு நிறுவனத்தின் 1,000 பங்குகளை 310 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று விலை 19 ரூபாய். நீண்டகாலம் வைத்திருந்தால் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். இந்த விலையில் இன்னும் 5,000 பங்குகள் வாங்கி, நான் வாங்கிய சராசரி விலையைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். சந்தை முழுவதற்கும் பொருந்தும் ஒரு வரலாற்றை ஒரே ஒரு நிறுவனத்துக்குப் பொருத்திப் பார்ப்பதால் வரும் நம்பிக்கை இது. 1986இல் சென்செக்ஸ் வெளியிடப்பட்டபோது அதிலிருந்த 30 நிறுவனங்களில் அம்பாசடர் கார் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பத்மினி கார் தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் உண்டு. அவை இன்று குறியீட்டில் இல்லை. அம்பாசடர் தயாரான உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. தளர்ந்த நிறுவனங்கள் வெளியேற, வளர்ந்த நிறுவனங்கள் அவற்றின் இடத்துக்கு வந்துகொண்டே இருந்ததால்தான் 100இல் கணக்குத் தொடங்கிய குறியீடு 80,000ஐத் தாண்டியது. குறியீடு தன் உறுப்புகளை மாற்றிக்கொள்கிறது, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கில் உள்ள பங்கு தானாக மாறுவதில்லை.

2008 ஜனவரியில் 800 ரூபாய்க்கு மேல் விற்ற ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு, நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றபின் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வந்தது. 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகளில் செய்த மோசடியை ஒப்புக்கொண்ட ஒரே நாளில் அதன் பங்கு மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கரைந்தது. இவற்றையும் வைத்திருந்தவர்கள் நீண்டகாலத்தை நம்பியவர்கள்தாம்.

19 ரூபாய்ப் பங்கு 310க்குத் திரும்ப வேண்டுமானால் பதினாறு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். உங்கள் தொழிலிலிருந்தே ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த நிறுவனத்தின் கடன், விற்பனை, லாபம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நூல் கடன் கேட்டு வந்த ஒருவருடைய கணக்காக அதைப் பார்த்தால், நீங்கள் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு நூல் கொடுப்பீர்களா? கொடுக்க மாட்டேன் என்று தோன்றினால், கையில் உள்ளதையும் விற்றுவிடுங்கள். 19,000 ரூபாயாவது தொழிலுக்குத் திரும்பும்.

கேள்வி: திருநெல்வேலியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் 70,000 ரூபாய் இழந்துவிட்டேன். அதில் அடுத்த பருவத்துக்கான கல்லூரிக் கட்டணமும் அடக்கம். சந்தை நீண்டகாலத்தில் ஏறும் என்பதால், நண்பர்களிடம் கடன் வாங்கித் தொடர்ந்தால் மீட்டுவிட முடியுமா?

பதில்: தம்பி, இன்றோடு நிறுத்துங்கள். ஆப்ஷன்ஸ் என்பது ஒரு பங்கையோ குறியீட்டையோ குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அப்படிப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அது காலாவதியாகும் நாள் அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு சந்தை எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு ஒரு காசும் வராது. நீண்டகாலம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021–22 முதல் 2023–24 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவரே. இந்த வாரமே வீட்டில் சொல்லிவிடுங்கள். தந்தை கோபிப்பார், ஆனால் 70,000 ரூபாயை இரண்டு ஆண்டில் அடைக்க ஒரு குடும்பத்தால் முடியும். நண்பர்களின் கடன் அதன்மேல் ஏறி, அதை மறைக்க இன்னொரு கடன் வந்துவிட்டால் பேசுவது இதைவிடக் கடினமாகும். இரவில் இதை நினைத்துத் தூக்கம் கெடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தந்தையிடம் பேசத் தயக்கமாக இருந்தால் முதலில் தாயிடமோ நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ பேசுங்கள்.

கேள்வி: சேலத்தில் துணிக்கடை நடத்துகிறேன். என்னிடம் 6 லட்சம் ரூபாய் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு இந்தப் பணம் தேவையில்லை. சென்செக்ஸ் 65,000க்கு வரும்வரை காத்திருந்து மொத்தமாகப் போடலாம் என்று நினைக்கிறேன். அப்படி வந்தால் வீட்டு நகைகளை அடகு வைத்து இன்னும் 4 லட்சம் சேர்க்கவும் எண்ணம் உண்டு.

பதில்: 65,000 வரலாம், வராமலும் போகலாம். 2020 மார்ச் 23ஆம் தேதி, ஊரடங்குச் செய்திகளுக்கு நடுவே, சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள், 13.15 சதவிகிதம் சரிந்து 25,981இல் முடிந்தது. அன்று வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். அப்போது 20,000 வரட்டும் என்று காத்திருந்தவர்கள் பலர். அந்த நேரத்தில் அது அறிவுக்குப் பொருந்தாத எண்ணமும் இல்லை. தொழிற்சாலைகள் மூடிக்கிடந்தன, நோய்க்குத் தடுப்பூசி இல்லை. மறுநாள் 25,638 வரை இறங்கிய குறியீடு அதன்பின் அந்த எண்களைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி பழைய உச்சத்தையும் தாண்டிவிட்டது. 2009 மே 18ஆம் தேதி, தேர்தல் முடிவுக்குப் பிந்தைய திங்கட்கிழமை, வர்த்தகம் தொடங்கியவுடனேயே மேல் வரம்பைத் தொட்டு நிறுத்தப்பட்டு, ஒரே நாளில் 17 சதவிகிதம் ஏறியது. உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்தது. வாசலில் நின்றவர்களுக்கு நுழையவே வழியில்லை. இதற்கு மாறாக, சந்தை உச்சத்தில் இருந்த 1992 ஏப்ரலிலும் 2000 பிப்ரவரியிலும் காத்திருந்தவர்கள் நன்மையடைந்தார்கள். எந்தக் காலம் எது என்பது பிறகுதான் தெரிகிறது.

எனவே 6 லட்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 50,000 ரூபாய் வீதம் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். காத்திருக்கும் பணம் லிக்விட் ஃபண்டிலோ (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலிடும் ஃபண்டு) வைப்பு நிதியிலோ இருக்கட்டும். சந்தை உங்கள் 65,000க்கு வந்தால், மீதமுள்ள தவணைகளில் இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். வராவிட்டாலும் நீங்கள் வெளியே நிற்க மாட்டீர்கள்.

நகைக் கடன் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். சொந்தப் பணத்துக்கான தேதியை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், கடன் பணத்துக்கான தேதியை அடகு பிடித்தவர் தீர்மானிக்கிறார். சந்தை மேலும் 20 சதவிகிதம் இறங்கி, அதே ஆண்டு தீபாவளி வியாபாரமும் மந்தமாகி, வட்டி கட்ட முடியாமல் போனால், பத்து ஆண்டு காத்திருக்க வேண்டிய பங்குகளைப் பத்தாம் மாதத்தில் விற்கவோ, ஏலத்தில் நகையை இழக்கவோ நேரிடும். இரண்டில் எதையும் உங்கள் மனைவியிடம் விளக்க முடியாது.

கேள்வி: சென்னையிலிருந்து எழுதுகிறேன், கல்லூரிப் பேராசிரியர். எவ்வளவு இறங்கினாலும் சந்தை இறுதியில் ஏறியே தீரும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இது இயற்கை விதியா? ஜப்பானில் அப்படி நடக்கவில்லை என்று படித்திருக்கிறேன்.

பதில்: இது இயற்கை விதியன்று; தாங்கள் படித்தது சரி. டோக்கியோவின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29ஆம் தேதி 38,915இல் முடிந்தது. அந்த எண்ணை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரி 22ஆம் தேதி. நடுவே 34 ஆண்டுகள். முப்பது வயதில் வாங்கியவருக்கு அறுபத்து நான்கு வயதாகியிருக்கும். உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக இருந்த, தொழில்நுட்பத்தில் முன்னணியில் நின்ற நாடு அது. நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு, நிறுவனங்களின் லாபத்துக்குச் சற்றும் பொருந்தாத உயரத்துக்குப் போயிருந்தன. அந்நாட்டு மத்திய வங்கி 1989இலும் 1990இலும் வட்டியை 2.5 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாக உயர்த்தியபோது அந்த உயரம் நிற்கவில்லை.

நம் நாட்டு வரலாற்றிலும் இதை நினைவூட்டும் ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பலர் பேசுவதில்லை. 1992 ஏப்ரலில் 4,467ஐத் தொட்ட சென்செக்ஸ், பதினொரு ஆண்டுகள் கழித்து 2003 ஏப்ரலில் 3,000க்கும் கீழே இருந்தது. வங்கிகள் இரட்டை இலக்க வட்டி கொடுத்த ஆண்டுகள் பல அந்தக் காலத்தில் அடங்கும். "ஐந்து ஆண்டு பொறுத்தால் போதும், பங்குச் சந்தையில் நட்டமே வராது" என்று சொல்லி விற்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டிக் கேளுங்கள்.

அப்படியானால் நீண்டகாலத்தை ஏன் பரிந்துரைக்கிறேன் என்று கேட்பீர்கள். ஒரே குறியீட்டில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரி உச்சத்தில் 20,873இல் போட்டவர், 2025 ஏப்ரல் 7ஆம் தேதி சரிவில் 73,137இல் கணக்குப் பார்த்தால், டிவிடெண்டை (நிறுவனங்கள் தரும் ஈவுத்தொகையை) சேர்க்காமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 சதவிகிதம் கூட்டு வளர்ச்சி பெற்றிருப்பார். உச்சத்தில் வாங்கி, சரிவில் அளந்தும் இது கிடைத்தது. ஆனால் இது வங்கி வட்டியைவிடப் பெரிய தொகை என்று சொல்ல முடியாது. 2009 மார்ச்சில் 8,160இல் போட்டவருக்கு அதே நாளில் அதே கணக்கு 14.6 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. காத்திருந்த காலம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வாங்கிய விலை வேறு. எனவே காலம் மட்டும் லாபத்தைத் தராது, கொடுத்த விலையும் சேர்ந்துதான் தருகிறது. எந்த விலை மலிவு என்று முன்கூட்டித் தெரியாத நம்மைப் போன்றவர்கள் பல ஆண்டுகளுக்குப் பரப்பி வாங்கினால், உச்சத்தில் வாங்கியது சரிவில் வாங்கியதோடு கலந்துவிடுகிறது. 1989இல் டோக்கியோவில் மொத்தமாகப் போட்டவருக்கு 34 ஆண்டு. அதன்பின் வந்த சரிவு முழுவதும் மாதந்தோறும் வாங்கிக்கொண்டே வந்தவருக்கு அத்தனை காலம் தேவைப்படவில்லை.

நான் நம்புவது இவ்வளவுதான்: பல நிறுவனங்களில் பரப்பிய, பல ஆண்டுகளில் பிரித்துப் போட்ட, பத்து ஆண்டுகளுக்குக் குறையாத தேதியுள்ள பணத்துக்குப் பங்குச் சந்தை தகுந்த இடம். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. தேதி நெருங்க நெருங்க, கடைசி மூன்று ஆண்டுகளில் படிப்படியாகப் பணத்தை வங்கிக்கு மாற்றிக்கொண்டு வருவதும் இந்தத் திட்டத்தின் பகுதியே. நம் ஊரில் எஸ்.ஐ.பி. தொடங்குவது எப்படி என்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். எப்போது எப்படி வெளியே எடுப்பது என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அடுத்த இதழ் ஒன்றில் அதை மட்டும் தனியாக எழுத எண்ணியிருக்கிறேன்.

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு குடும்பத் தலைவி. என் கணவர் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை கைப்பேசியில் பங்கு விலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கினால் அன்று வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. எங்கள் ஓய்வுக்காலத்துக்கான பணம் என்றுதான் சொல்கிறார். அதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அம்மா, பதினான்கு ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்தின் விலையை நிமிடந்தோறும் பார்ப்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை, வீட்டுக்குத் துன்பம் மட்டும் உண்டு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். விலை காட்டும் செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடட்டும். டீமேட் கணக்கு, மியூச்சுவல் ஃபண்டு ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் காட்டும் ஒருங்கிணைந்த அறிக்கை மின்னஞ்சலுக்கு வருகிறது, அதை ஆண்டுக்கு இருமுறை, பொங்கல் விடுமுறையில் ஒன்று, ஆடிப்பெருக்கு வாரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அப்படி உட்காரும் முதல் நாளிலேயே எல்லாக் கணக்குகளிலும் நாமினியாக யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்டுச் சரிபார்த்து, கணக்கு எண்களை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு இருக்கும் இடத்தை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.